சாப்பிட... சாப்பிடலாம்னு... சாப்பிடட்டும்னு! - கொரிய மொழியின் 'எதுக்கு?' ரகசியம்

கொரியன் சீரியல்களில் அடிக்கடி வரும் காட்சி இது. வீட்டுக்கு வந்த விருந்தாளி பழக்கூடையை நீட்டுவார். அந்த வீட்டு அம்மா பதறிப்போய் 'முவொ ஹாரொ...' என்று இழுப்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என்ன செய்ய?' என்று அர்த்தம். 'எதுக்குங்க இதெல்லாம்?' என்று நம் வீடுகளில் கேட்போமே, அதே உபசாரம், அதே செல்லக் கோபம்.

இன்னொரு காட்சி. பல வருடங்கள் கழித்து வாசலில் வந்து நிற்கும் மகனைப் பார்த்து, 'முவொ ஹாரொ வாஸ்ஸொ?' என்பார் அப்பா. 'எதுக்கு வந்தே?' இங்கே அது உபசாரம் இல்லை, கத்தி!

இரண்டு இடத்திலும் வேலை செய்வது 'ஹாரொ'வின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் '-ரொ' என்கிற குட்டி விகுதிதான். 'இதற்காக' என்று நோக்கத்தைச் சொல்லும் விகுதி அது. கொரிய மொழியில் இப்படி நோக்கத்தைச் சொல்ல ஒன்றல்ல, அரை டஜன் விகுதிகள் இருக்கின்றன. கொரியன் கற்கத் தொடங்குபவர்கள் முதல் சில மாதங்களிலேயே திணறுகிற இடமும் இதுதான்.

ஆனால், தமிழ் பேசுபவர்கள் திணற வேண்டியதில்லை. காரணம், நாம் தினமும் வீட்டில் பேசும் தமிழிலேயே இதற்கான சாவி இருக்கிறது.

எல்லாம் வாலில்தான்!

ஆங்கிலத்தில் 'டு' என்ற ஒரே சொல்லை வைத்துப் பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம். சாப்பிடப் போனாலும் 'டு', படிப்பதற்குப் புத்தகம் வாங்கினாலும் 'டு'. அதுவும் வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும்.

தமிழும் கொரியனும் அப்படியில்லை. இரண்டிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். காலம், மரியாதை, நோக்கம் எல்லாம் அந்த வினையின் வாலில் வரிசையாக ஒட்டும். இந்த ஒற்றுமையைப் பார்த்து அசந்துபோனவர்களில் ஒருவர் ஹோமர் ஹல்பர்ட். 1886-ல் கொரியாவுக்கு ஆசிரியராக வந்த அமெரிக்கர். கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு இலக்கண நூலே எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற கருத்தை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டாலும், வாக்கியத்தைக் கட்டும் விதம் ஒத்துப்போகிறது. கற்பவர்களுக்கு அது போதும்.

உதாரணங்களுக்குள் போகும் முன் ஒரு சின்னக் குறிப்பு. கீழே 'ரொ', 'பொ' என்று குறிலாக எழுதியிருக்கும் 'ஒ'வை, வாயைக் கொஞ்சம் திறந்து, 'அ'வுக்கும் 'ஒ'வுக்கும் நடுவில் சொல்ல வேண்டும். மற்றபடி, சொல்லின் இடத்தைப் பொறுத்து நம் 'க'வின் ஒலி மாறுவதுபோலவே கொரியன் 'க'வும் மாறும்.

கிளம்பியாச்சா? அப்போ '-ரொ'

'பாப் மொகுரொ காயோ.' சாப்பாடு சாப்பிடப் போகிறேன். 'பாப்' என்றால் சோறு, 'மொக்' என்றால் சாப்பிடு, 'காயோ' என்றால் போகிறேன். நடுவில் இருக்கும் '-உரொ'தான் நம் 'சாப்பிட' என்பதில் வரும் வால். வினையின் வேர் மெய்யெழுத்தில் முடிந்தால் '-உரொ', உயிரெழுத்திலோ 'ல்' ஒலியிலோ முடிந்தால் வெறும் '-ரொ'.

இதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. வாக்கியத்தின் கடைசி வினை போவது, வருவது, வெளியே கிளம்புவது, போய்வந்துகொண்டிருப்பது என ஏதாவது ஒரு நகர்வாக இருக்க வேண்டும். 'புத்தகம் வாங்கக் கடைக்குப் போகிறேன்' என்பதற்கு '-ரொ' சரி. 'புத்தகம் வாங்கப் பணம் சேர்க்கிறேன்' என்பதற்கு '-ரொ' தப்பு. சேர்ப்பதில் கால் நகரவில்லையே!

இறந்தகாலமும் இதில் ஒட்டாது. நேற்று போனாலும் நாளை போனாலும் 'மொகுரொ'தான். காலத்தைக் கடைசி வினை பார்த்துக்கொள்ளும். நாமும் 'சாப்பிடப் போனேன்', 'சாப்பிடப் போவேன்' என்றுதானே சொல்கிறோம்?

கொரியர்கள் அதிகம் சொல்லும் அழைப்பு ஒன்று இந்த விகுதியில்தான் பிறக்கிறது. 'நோல்லொ ஓஸேயோ.' நேரடி அர்த்தம், 'விளையாட வாருங்கள்.' அறுபது வயதுக்காரர் இன்னொரு அறுபது வயதுக்காரரிடம் இதைச் சொன்னால் கேரம் போர்டு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. 'சும்மா ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க' என்பதுதான் அதன் பொருள்.

பெரியவர்களைச் சாப்பிட அழைக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே 'மொகுரொ ஓஸேயோ' என்றால் மரியாதைக் குறைவு. சாப்பிடுவதற்கான மரியாதைச் சொல்லைப் போட்டு, 'துஸிரொ ஓஸேயோ' என்று சொல்ல வேண்டும். கொரிய வீடுகளில் இதைக் கவனிக்காமல் விடமாட்டார்கள்.

மனசுல நினைச்சீங்களா? அப்போ '-ரியொகோ'

கால் நகரவில்லை, ஆனால் மனதில் ஒரு எண்ணம் இருக்கிறது. அப்போது வரும் விகுதி '-ரியொகோ'. 'இல்குரியொகோ சேகுல் ஸாஸ்ஸொயோ.' படிப்பதற்காகப் புத்தகம் வாங்கினேன்.

இதைப் பேச்சுத் தமிழில் எப்படிச் சொல்வோம்? 'படிக்கலாம்னு புக் வாங்கினேன்.' இந்த '-லாம்னு'தான் '-ரியொகோ'!

இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு ஒரு சோதனை. 'சாப்பிட வா' என்று ஒருவரைக் கூப்பிடலாம். 'சாப்பிடலாம்னு வா' என்று யாராவது கூப்பிடுவார்களா? காதுக்கே இடிக்கிறது. கொரியனிலும் இதே கதைதான். '-ரொ' போட்டு 'வா', 'போகலாம்' என்று முடிக்கலாம். 'பாப் மொகுரொ காஜா', அதாவது 'சாப்பிடப் போகலாம் வா' என்பது சரி. அதே இடத்தில் '-ரியொகோ' போட்டுக் கட்டளையிடவோ, சேர்ந்து செய்ய அழைக்கவோ முடியாது. பாடப்புத்தகத்தில் இது மனப்பாடம் செய்ய வேண்டிய விதி. தமிழ் பேசுபவருக்கோ, காதே சொல்லிவிடுகிற விஷயம்.

கடையில் 'யாருக்கு இது?' என்று கேட்டால், 'ஸொன்முல்ஹாரியொகோயோ' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். 'பரிசா கொடுக்கலாம்னு...' என்று நாம் பாதியில் நிறுத்துவோமே, அதேதான். மீதியைக் கேட்பவர் புரிந்துகொள்வார்.

இந்த விகுதிக்கு இன்னொரு முகமும் உண்டு. 'பிகா ஓரியொகோ ஹேயோ.' 'பி' என்றால் மழை. மழைக்கு ஏது நோக்கம்? 'மழை வரப் பார்க்குது' என்று நாம் சொல்வதில்லையா? நடக்கப்போகிற ஒன்றை, அது மனசு வைத்திருப்பதுபோலச் சொல்வது இரண்டு மொழிக்கும் பழக்கம்.

சீரியல் ரசிகர்களுக்கு ஒரு டிப்ஸ். வசனத்தில் 'ஹால்லியொகோ', 'ஹால்லாகோ' என்றெல்லாம் காதில் விழும். பேச்சில் எல்லோரும் அப்படிச் சொன்னாலும், தேர்வில் 'ஹாரியொகோ' என்று எழுதினால்தான் மார்க்.

அடுத்தவருக்காகவா? அப்போ '-தோரோக்', '-கே'

மேலே பார்த்த இரண்டிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. சாப்பிடுபவரும் போகிறவரும் ஒருவரே. படிப்பவரும் புத்தகம் வாங்குபவரும் ஒருவரே. ஆனால், வாழ்க்கையில் பாதி வேலையை நாம் அடுத்தவருக்காகத்தானே செய்கிறோம்?

குழந்தை தூங்க வேண்டும், விளக்கை அம்மா அணைக்கிறார். இங்கே '-ரொ'வும் வராது, '-ரியொகோ'வும் வராது. 'ஆயிகா ஜாதோரோக் புருல் கொஸ்ஸொயோ.' 'ஆயி' குழந்தை, 'புல்' விளக்கு. 'குழந்தை தூங்கட்டும்னு லைட்டை ஆஃப் பண்ணேன்.'

தமிழ் இங்கே செய்திருப்பதைக் கவனியுங்கள். நமக்காக என்றால் 'தூங்கலாம்னு', அடுத்தவருக்காக என்றால் 'தூங்கட்டும்னு'. யாரும் சொல்லித்தராமலே மூன்று வயதுக் குழந்தையும் இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பேசுகிறது. கொரியனில் '-ரியொகோ'வுக்கும் '-தோரோக்'குக்கும் நடுவே இருப்பதும் ஏறக்குறைய இதே கோடுதான்.

'-தோரோக்'கின் தோழன் '-கே'. பேச்சில் இதுதான் அதிகம். 'ஜால் துல்லிகே மால்ஹே ஜுஸேயோ', அதாவது 'நல்லா கேக்குற மாதிரி பேசுங்க.' நம் 'மாதிரி', '-ம்படி', '-மாறு' எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும். கட்டளையோடும் வேண்டுகோளோடும் இவை தாராளமாகச் சேரும்.

உயிர் காக்கும் விகுதி

இலக்கணம் தேர்வுக்கு மட்டும்தான் என்று நினைத்தால், கொரியத் தொழிற்சாலைக்குள் ஒரு முறை எட்டிப்பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களை முறைப்படி வேலைக்கு எடுக்கும் திட்டத்தை தென்கொரியா 2004-ல் தொடங்கியது. நேபாளம், வியட்நாம், பங்களாதேஷ் போன்ற நாடுகளோடு இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதில் சேர முதல் படி, கொரிய மொழித் தேர்வு. அந்தத் தேர்வுக்கான பாடங்களில் பணியிடப் பாதுகாப்புக்கும் இடம் உண்டு.

லிஃப்ட் கதவிலும் இயந்திரத்தின் பக்கத்திலும் இப்படி ஒரு வரி எழுதியிருக்கும். 'ஸோனி கியிஜி அன்தோரோக் ஜுயிஹாஸேயோ.' கை மாட்டிக்கொள்ளாதபடி கவனமாக இருங்கள். 'ஸோன்' என்றால் கை. '-ஜி அன்' என்பது எதிர்மறை. அதோடு '-தோரோக்' சேர்ந்தால் 'ஆகாதபடி'.

போர்டையாவது நின்று நிதானமாகப் படிக்கலாம். சத்தத்துக்கு நடுவே மேற்பார்வையாளர் சொல்வதைக் காதில் வாங்குவதுதான் சோதனை. 'கிகேகா மொம்சுதோரோக் ஹாஸேயோ' என்றால் 'மெஷின் நிற்கும்படி செய்யுங்கள்.' 'கிகேகா மொம்சுஜி அன்தோரோக் ஹாஸேயோ' என்றால் 'மெஷின் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.' நடுவே இருக்கும் இரண்டு அசைகள் கேட்காமல் போனால், செய்யச் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்துவிடுவோம். 'மெஷின்', 'நிறுத்து' என்று சொற்களை மட்டும் மனப்பாடம் செய்து போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சொல்லைத் தெரிந்துகொண்டவர், அதன் வாலையும் கேட்கப் பழகியே ஆக வேண்டும்.

மேடைக்கும் மனுவுக்கும் '-கி விஹே'

'வே ஹாங்குகே வாஸ்ஸொயோ?' ஏன் கொரியாவுக்கு வந்தீர்கள்? அங்கே போகும் வெளிநாட்டவர் எல்லோரும் என்றாவது ஒரு நாள் சந்திக்கும் கேள்வி.

நண்பரிடம் 'தோன் பொல்லொ வாஸ்ஸொயோ', அதாவது 'சம்பாதிக்க வந்தேன்' என்று சொல்லலாம். நேர்காணலில், விண்ணப்பத்தில் 'தோனுல் பொல்கி விஹே வாஸ்ஸும்னிதா' என்றால் பொருந்தும். '-கி விஹே' என்பது நம் '-வதற்காக'. பேச்சில் 'சாப்பிட வந்தேன்' என்பவர்கூட மனு எழுதும்போது 'பணிபுரிவதற்காக வந்துள்ளேன்' என்று எழுதுவது போல. இரண்டுமே இலக்கணப்படி சரி. வித்தியாசம், யார் முன்னால் நிற்கிறோம் என்பதில்.

இந்த '-கி விஹே'வில் இருக்கும் 'விஹே', பெயர்ச்சொல்லோடும் சேரும். 'காஜோகுல் விஹே' என்றால் 'குடும்பத்துக்காக.'

கொரியர்களுக்கு இந்தச் சொல்லில் ஒரு தலைமுறையின் கதை இருக்கிறது. 1963 முதல் 1977 வரை, வறுமையில் இருந்த தென்கொரியாவிலிருந்து சுமார் 8,000 ஆண்கள் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போனார்கள். 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் நர்ஸ்களாகப் போனார்கள். 'தோன் பொல்லொ' போனவர்கள், 'காஜோகுல் விஹே' போனவர்கள். அவர்களின் வாழ்க்கையைத் தொட்ட 'குக்ஜே ஷிஜாங்' என்ற படம் 2014-ல் வெளியாகி, கொரியாவில் வசூலை வாரிக் குவித்தது.

வேலைக்கு ஆட்களை அனுப்பிய நாடு, இன்று ஆட்களை அழைக்கும் நாடு. அன்று அவர்கள் ஜெர்மனியில் சொன்ன அதே காரணத்தை, இன்று கொழும்பிலிருந்தும் காத்மாண்டுவிலிருந்தும் போனவர்கள் கொரிய மொழியிலேயே சொல்கிறார்கள்.

அரசர் எழுதிய '-கோஜா'

விழா மேடையில் ஏறிய பெரியவர், 'மால்ஸும் துரிகோஜா ஹம்னிதா' என்று தொடங்குவார். 'சில வார்த்தைகள் சொல்ல விழைகிறேன்.' இந்த '-கோஜா' வீட்டில் பேசும் விகுதி அல்ல. ஹோட்டலில் 'சாப்பிட விழைகிறேன்' என்று ஆர்டர் கொடுத்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான்!

ஆனால், இதன் பூர்விகம் பெரியது. சீன எழுத்தைக் கற்க முடியாத சாமானிய மக்களுக்காக, 1443-ல் கொரிய எழுத்து முறையை உருவாக்கினார் அரசர் செஜோங். 1446-ல் அது மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஏன் இந்த எழுத்து என்று விளக்கி அவர் எழுதிய முன்னுரை சீன மொழியில் இருந்தது. அதன் கொரிய வடிவம் 1459-ல் வெளியான நூலில் கிடைக்கிறது. இன்றைய '-கோஜா'வின் முன்னோடியான '-கோஜ்யொ', அந்தச் சின்ன முன்னுரையில் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, எதையோ சொல்ல நினைத்தும் எழுதிக்காட்ட முடியாத மக்களின் விருப்பத்தைப் பற்றி. மற்றொன்று, எல்லோரும் சுலபமாகக் கற்று அன்றாடம் பயன்படுத்த வேண்டும் என்ற அரசரின் விருப்பத்தைப் பற்றி. மக்களுக்கும் மன்னருக்கும் ஒரே விகுதி!

நமக்கும் பழைய நோக்க விகுதிகள் உண்டு. பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு 'வான், பான், பாக்கு' நினைவிருக்கலாம். 'உண்பான் வந்தான்' என்றால் 'சாப்பிட வந்தான்'. கொரியனில் 'மொகுரொ வாத்தா'. நாம் 'பான்', 'பாக்கு' எல்லாவற்றையும் பழைய நூல்களில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். கொரியர்கள் தங்கள் பழைய விகுதியை மேடைக்கென்று பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நோக்கம் போல நடிக்கும் '-நுராகோ'

கடைசியாக ஒரு வேஷக்காரன். '-நுராகோ' பார்ப்பதற்கு '-ரியொகோ'வின் தம்பி மாதிரி இருக்கும். ஆனால், இது நோக்கத்தைச் சொல்லாது, சாக்குச் சொல்லும். 'போன் பேசிக்கிட்டிருந்ததுல பஸ்ஸை விட்டுட்டேன்', 'டிவி பார்த்துக்கிட்டிருந்ததுல ஹோம்வொர்க் பண்ணலை' என்கிறோமே, அந்த '-ததுல'தான் இது. ஒரு வேலையில் மூழ்கியதால் இன்னொன்று கெட்டது என்று சொல்லப் பெரும்பாலும் பயன்படும். '-ரியொகோ' போட வேண்டிய இடத்தில் இதைப் போட்டால், திட்டம் சொல்லப் போய் மன்னிப்புக் கேட்டதுபோல ஆகிவிடும்.

நீங்களே சொல்லிப் பாருங்கள்!

கீழே இருக்கும் ஐந்து வாக்கியங்களுக்கும் கொரியனில் எந்த விகுதி வரும்? விடையைப் பார்க்காமல் யோசியுங்கள்.

1. 'காபி குடிக்கப் போலாமா?'

2. 'அம்மாவுக்குக் கொடுக்கலாம்னு பூ வாங்கினேன்.'

3. 'பாட்டிக்குப் புரியட்டும்னு மெதுவா சொன்னேன்.'

4. 'கேம் ஆடிக்கிட்டிருந்ததுல தூங்கவே இல்லை.'

5. 'ஊருக்குப் போகலாம்னு டிக்கெட் எடுத்தேன்.'

விடைகள்: முதலாவது '-ரொ', ஏனென்றால் கடைசி வினை போவது. இரண்டாவது '-ரியொகோ'. மூன்றாவதில் புரிய வேண்டியவர் வேறு, சொல்பவர் வேறு. அதனால் '-தோரோக்' அல்லது '-கே'. நான்காவது '-நுராகோ'. ஐந்தாவதில்தான் பலர் வழுக்குவார்கள். 'போக' என்ற சொல்லைப் பார்த்ததும் '-ரொ' என்று தோன்றும். ஆனால், வாக்கியத்தை முடிக்கும் வினை 'எடுத்தேன்'. டிக்கெட் எடுத்தவர் இன்னும் கிளம்பவில்லை. அதனால் '-ரியொகோ'தான்.

ஐந்தும் சரி என்றால், இன்று இரவு பார்க்கும் எபிசோடில் ஐந்து நிமிடம் மட்டும் சப்டைட்டிலை ஆஃப் செய்துவிட்டு, வினைகளின் வாலை மட்டும் காதில் பிடித்துப் பாருங்கள். முதலில் சிக்குவது பெரும்பாலும் '-ரியொகோ'வாகத்தான் இருக்கும்.